வேலைக்குச் சேர எதற்குப் பணம்?

(பிரம்மதேசத்தில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த ஊரின் பெயரிலேயே வரலாறு இருக்கிறது. பிரம்மதேயம் என்றால் பார்ப்பனர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட நிலம். இதே வட்டாரத்தில் எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் வேதக் கல்லூரி நடந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். படிக்கிறவர்களுக்கு நெல்லும் பொன்னும் கொடுத்திருக்கிறார்கள். நிலத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. ஆயிரம் ஆண்டுகள் கழித்து, அந்த உழைப்பாளிகளின் பிள்ளைகள் வீட்டின் முதல் பட்டதாரிகளாக நிற்கிறோம். கையில் பட்டம் இருக்கிறது, செல்போன் இருக்கிறது. வேலை இல்லை. அந்த செல்போனுக்குத்தான் "வீட்டிலிருந்தே வேலை, தினமும் 3,000 ரூபாய்" என்று செய்தி வருகிறது.

ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. வேலைக்குப் போனால் எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். பெண் பிள்ளை வெளியூர் போக வீட்டில் விடுவதில்லை. சிபாரிசு செய்ய நமக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. சாதி கேட்காத, வாசற்படி தாண்டத் தேவையில்லாத வேலை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? மோசடிக்காரன் விற்பது இந்த ஆசையைத்தான்.

அவன் வேலை செய்யும் முறையைச் சொல்கிறேன். முதலில் யூடியூப் வீடியோவுக்கு லைக் போடச் சொல்வான், அல்லது கூகுள் மேப்பில் ஏதோ ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கச் சொல்வான். 150 ரூபாய் உண்மையிலேயே கணக்கில் விழும். அது கூலியில்லை, தூண்டிலில் மாட்டிய புழு. அடுத்து டெலிகிராம் குழுவில் சேர்ப்பான். அங்கே பலரும் லாபம் வந்ததாகப் படம் போடுவார்கள். எல்லாம் அவன் ஆட்கள். பிறகு 1,000 கட்டு, 1,300 வரும் என்பான், வரும். 10,000 கட்டு, 50,000 கட்டு என்று ஏறும். எடுக்கப் போனால் "வரி கட்டினால்தான் பணம் விடுவிக்கப்படும்" என்பான். திரையில் தெரியும் தொகை வெறும் எண்.

இன்னொரு வகை டைப்பிங் வேலை. ராத்திரி பகலாக அடித்துக் கொடுத்தபின், "பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், அபராதம் கட்டு" என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை அனுப்புவான். பயந்து கட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் மிரட்டல் நீதிமன்ற ஆணை ஆகாது.

2023 டிசம்பரில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் இத்தகைய பகுதிநேர வேலை, முதலீட்டு மோசடி இணையதளங்கள் நூற்றுக்கும் மேல் முடக்கியது. ஒன்றை மூடினால் வேறு பெயரில் ஒன்று திறக்கிறது. ஆகவே ஒரு விதியை மட்டும் மனதில் வையுங்கள்: வேலை கொடுப்பவன் கூலி கொடுப்பான், பணம் கேட்க மாட்டான். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது மோசடி.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. "உன் வங்கிக் கணக்கை மட்டும் கொடு, கமிஷன் தருகிறேன்" என்பான். வேறு யாரிடமோ பறித்த பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். காவல்துறை முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில். கணக்கு முடக்கப்படும். கல்வி உதவித்தொகை, புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் 1,000 ரூபாய் எல்லாம் அந்தக் கணக்குக்குத்தானே வருகிறது? ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

எதிர்முனையில் இருப்பவனும் சில வேளை அடிமைதான். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போகப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் மீண்டு வந்தார்கள். வேலையில்லாத நம் பிள்ளைகளை இரண்டு பக்கமும் வைத்துத்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

ஏமாந்துவிட்டால்? உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறும் முன் வங்கியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். உரையாடலை அழிக்காதீர்கள். பரிவர்த்தனை எண், எதிராளியின் போன் எண், கணக்கு எண் எல்லாம் சாட்சி. காவல் நிலையத்தில் "இது எங்கள் எல்லை இல்லை" என்றால் திரும்பி வராதீர்கள். எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்கிறது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு. தனியாகப் போகத் தயங்கினால் நான்கு பேராகப் போங்கள். காவல் நிலையப் படியேற நம் மக்களுக்கு இருக்கும் தயக்கத்தின் காரணம் எனக்குத் தெரியும். அந்தத் தயக்கம் மோசடிக்காரனுக்கும் தெரியும்.

அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கொடுத்த பணம் போய்விட்டது என்று வீட்டில் சொல்ல முடியாமல் புழுங்கும் பிள்ளைகள் நம் தெருவிலும் இருப்பார்கள். அவர்களைத் திட்டாதீர்கள், "படித்தும் புத்தியில்லையா" என்று கேட்காதீர்கள். வெட்கப்பட வேண்டியவன் திருடியவன். ஒருத்தர் வாய் திறந்து சொன்னால் பத்துப் பேர் தப்பிப்பார்கள்.

அரசிடம் வேலை கேட்டுப் போராடுவோம். அதுவரை ஒருவருக்கொருவர் காவலாக இருப்போம்.