ஓடும் யானைச் சின்னம் போட்ட ஒரு சின்னக் கார்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதித் தந்தது.)



ரிட்டயர்டு பேங்க் கிளார்க்கைப் பேசக் கூப்பிட்டால் சீனியர் சிட்டிசன் டெபாசிட் வட்டியைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். செயலாளருக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. "உங்களுக்குப் பிடிச்சது எதை வேணாலும் பேசுங்க சார், வட்டி மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அதனால் இன்று ஒரு காரைப் பற்றிப் பேசப் போகிறேன். பெயர் லான்சியா டெல்டா இன்டெக்ராலே. இத்தாலி நாட்டு வண்டி. நம் ஊர் ஷோரூம் எதிலும் அது நின்றதில்லை. ஆனாலும் விருதுநகர், சிவகாசி, சாத்தூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் அந்த வண்டியின் கதையில் இருக்கிறது.

முதலில் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். ஃபியட் கார் நம் எல்லோருக்கும் தெரியும். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த வண்டி. பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர் இருக்கும். டாக்டர்களும் மில் முதலாளிகளும் வைத்திருந்தார்கள். அந்த ஃபியட்டின் தாய்வீடு இத்தாலியில் உள்ள டூரின் நகரம். அதே ஊரில் 1906-இல் வின்சென்சோ லான்சியா என்பவர் தொடங்கிய கம்பெனிதான் லான்சியா. அவர் அதற்கு முன் ஃபியட்டுக்காகப் பந்தயம் ஓட்டியவர். 1969-இல் லான்சியா கம்பெனியை ஃபியட்டே வாங்கிக்கொண்டது.

லான்சியா 1979-இல் டெல்டா என்ற காரை வெளியிட்டது. மாருதி 800 போல டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிராத, பின்கதவு மேலே தூக்கித் திறக்கிற ஹேட்ச்பேக். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் போகிற வண்டி. வரைந்தவர் ஜார்ஜெட்டோ ஜுஜாரோ. 1996-க்குப் பிறகு நம் ரோடுகளில் ஓடியதே ஃபியட் ஊனோ, அதையும் வரைந்தவர் அவர்தான். டெல்டாவுக்கு 1980-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருது கிடைத்தது. அப்போது பார்த்தவர்கள் யாரும் இதைப் பந்தய வண்டி என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

ராலி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்காக இரண்டு வரி. வட்டமான டிராக்கில் சுற்றிச் சுற்றி வருவதல்ல ராலி. மலைப்பாதை, மண் பாதை, பனி மூடிய பாதை என்று சாதாரண ரோடுகளைக் கொஞ்ச நேரம் மூடிவிட்டு, ஒவ்வொரு வண்டியாக அனுப்பி, யார் குறைந்த நேரத்தில் கடந்தார்கள் என்று கணக்கெடுப்பது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் "அடுத்த வளைவு இடது, இறக்கம்" என்று குறிப்பைப் படித்துக்கொண்டே வருவார். நம் தமிழ்நாட்டிலும் இதற்கு மரபு உண்டு. ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன், தென்னிந்திய ராலியில் பலமுறை வென்றவர்.

இப்போது கதைக்கு வருவோம். 1980-களின் தொடக்கத்தில் உலக ராலிப் போட்டியில் 'குரூப் பி' என்று ஒரு பிரிவு இருந்தது. 200 வண்டி தயாரித்துக் காட்டினால் போதும், களத்தில் இறங்கலாம். 200 தானே என்று கம்பெனிகள் கடைக்கே வராத அசுர வண்டிகளைச் செய்தன. லான்சியாவும் டெல்டா எஸ்4 என்று ஒன்றைச் செய்தது. பெயரும் ஏறக்குறைய முகமும்தான் டெல்டா. உள்ளே குழாய்ச் சட்டம், முதுகுக்குப் பின்னால் இன்ஜின். எடை 900 கிலோவுக்கும் குறைவு. சக்தியோ 450 குதிரைத் திறனுக்கும் மேல். நம் பத்மினிக்குச் சுமார் 40 என்பதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பார்க்க வந்த கூட்டம் ஓரத்தில் நிற்கவில்லை, ரோட்டிலேயே நின்றது. வண்டி வரும்போது கடைசி நொடியில் விலகி வழிவிடுவதுதான் வீரம் என்று நினைத்தார்கள். 1986 மார்ச்சில் போர்ச்சுகல் ராலியில் ஒரு வண்டி கூட்டத்துக்குள் புகுந்தது. வேடிக்கை பார்க்க வந்த 3 பேர் இறந்தார்கள், 30-க்கும் மேற்பட்டவர்கள் காயம்பட்டார்கள். முன்னணி ஓட்டுநர்கள் இனி ஓட்ட மாட்டோம் என்று அந்தப் போட்டியை விட்டே விலகினார்கள். இரண்டு மாதம் கூட ஆகவில்லை. மே 2-ஆம் தேதி, கோர்சிகா தீவில், போட்டியில் முன்னிலையில் இருந்த ஹென்ரி டொய்வோனன் ஓட்டிய டெல்டா எஸ்4 பாதையை விட்டு விலகிச் சரிவில் விழுந்து எரிந்தது. பெட்ரோல் டேங்க் இருக்கைக்கு அடியில். அவரும் பக்கத்தில் இருந்த செர்ஜியோ கிரெஸ்டோவும் பிழைக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம், அதே மே 2-ஆம் தேதி, அதே தீவில், அதே கம்பெனியின் வேறொரு வண்டியில் அட்டிலியோ பெட்டேகா இறந்திருந்தார். சில நாட்களுக்குள் முடிவு அறிவித்துவிட்டார்கள்: அடுத்த வருடம் முதல் குரூப் பி கிடையாது.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு எந்த ஊர் ஞாபகம் வருகிறது? எனக்கு முதலிப்பட்டி ஞாபகம் வருகிறது. 2012 செப்டம்பர் 5. பட்டாசு ஆலையில் தீப்பிடித்ததும் சுற்றுவட்டாரத்திலிருந்து காப்பாற்றப் போனவர்களும், என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனவர்களும் அடுத்து நடந்த பெரிய வெடிப்பில் சிக்கினார்கள். 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல.

சிவகாசி வட்டாரக் கிளைகளில் நான் வேலை பார்த்த வருடங்களில், விபத்து நடந்து ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துக் கவுண்டருக்கு ஒரு கூட்டம் வரும். இறந்தவர் கணக்கை முடிக்கும் விண்ணப்பம். பாஸ்புக், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். பாஸ்புக்கின் ஓரத்தில் சில சமயம் வெள்ளி மருந்தின் பளபளப்பு ஒட்டியிருக்கும். மீதித் தொகை நானூற்றுச் சொச்சம், எழுநூற்றுச் சொச்சம் என்று இருக்கும். கைநாட்டு வைக்கும் விரலைப் பிடித்து மையில் தொட்டு வைக்கிறவன் நான். பி.காம். படிப்பில் எல்லாக் கணக்கையும் முடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் கணக்கை முடிப்பது மட்டும் எனக்குக் கடைசி வரை பழகவில்லை.

சரி, டெல்டாவுக்குத் திரும்புவோம். குரூப் பி போனதும் ராலியே செத்துவிட்டது என்றுதான் ரசிகர்கள் புலம்பினார்கள். அதன் இடத்தில் வந்தது குரூப் ஏ. 12 மாதத்தில் 5,000 வண்டி தயாரிக்க வேண்டும். அதாவது பந்தயத்துக்கு வருகிற வண்டி, கடையில் சாதாரண மனிதன் வாங்கும் வண்டியாகவே இருக்க வேண்டும். சக்திக்கும் வரம்பு, சுமார் 300 குதிரைத் திறன்.

பெரும்பாலான கம்பெனிகளிடம் அப்படிப்பட்ட வண்டி தயாராக இல்லை. ஒருவருடைய கார் ரொம்பப் பெரியது, இன்னொருவருக்கு இன்ஜின் சிறியது, மற்றொருவருக்குப் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். லான்சியாவிடம் மட்டும் அந்தக் குடும்ப ஹேட்ச்பேக் இருந்தது. அதில் 2 லிட்டர் டர்போ இன்ஜினையும், நான்கு சக்கரமும் இழுக்கும் அமைப்பையும் 1986-லேயே பொருத்தியிருந்தார்கள். 1987 ஜனவரியில் மான்டி கார்லோ ராலி. முதல் போட்டியிலேயே வெற்றி. அந்த வருடம் உலகப் பட்டம். 1987 முதல் 1992 வரை தொடர்ந்து 6 வருடம் தயாரிப்பாளர் பட்டம் லான்சியாவுக்கே. உலக ராலிகளில் டெல்டாவின் வெற்றி எண்ணிக்கை 46. ஓட்டுநர் பட்டமும் இதே வண்டியில் பின்லாந்தின் யுஹா கங்குனனுக்கு 1987-லும் 1991-லும், இத்தாலியின் மிக்கி பியாசியோனுக்கு 1988-லும் 1989-லும் கிடைத்தது. பனியில் மட்டுமல்ல, கென்யாவின் புழுதியிலும் சேற்றிலும் ஓடும் சஃபாரி ராலியைக்கூட பியாசியோன் அந்த இரண்டு வருடமும் வென்றார்.

எப்படி முடிந்தது? ஒவ்வொரு வருடமும் பந்தயத்தில் எது குறையோ அதைக் கடைக்குப் போகும் வண்டியில் திருத்தினார்கள். விதி அப்படி, கடை வண்டியை மாற்றாமல் பந்தய வண்டியை மாற்ற முடியாது. அகலமான டயர் வேண்டும், அதனால் மட்கார்டு வீங்கியது. இன்ஜின் சூடாகிறது, அதனால் பானட்டில் காற்றுத் துளைகள் வந்தன. 1989-இல் 16 வால்வு இன்ஜின் வந்தது. அது உயரம் என்பதால் பானட் நடுவில் புடைத்தது. இப்படி உருவானதுதான் இன்டெக்ராலே. அதன் அழகு என்று இன்று ரசிகர்கள் சொல்லும் ஒவ்வொரு வீக்கத்துக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. வீட்டுக்குக் கார் வாங்கியவனுக்கு ஈர ரோட்டிலும் வழுக்காத வண்டி கிடைத்தது. முன்பக்கத்தில் ஓடும் யானைச் சின்னம் வேறு. நம் பட்டாசுப் பெட்டியில் சேவலும் அணிலும் நிற்பதைப் போல, லான்சியாவின் பந்தய வண்டிகளுக்கு யானை. இன்னும் கேளுங்கள்: சில வருடங்களில் இந்தக் குரூப் ஏ வண்டிகள், சில பாதைகளில் பழைய அசுர வண்டிகளின் நேரத்தையே எட்டிவிட்டன. சக்தி குறைவு, நேரம் ஒன்று. வண்டியும் வீடு வந்து சேர்ந்தது.

வங்கிக்காரன் என்பதால் வரவு செலவையும் சொல்லாமல் விட முடியாது. கோப்பைகள் கம்பெனியைக் காப்பாற்றவில்லை. 1991 முடிவில் தொழிற்சாலை அணியை லான்சியா விலக்கிக்கொண்டது. 1992-இல் ஜாலி கிளப் என்ற தனியார் அணிதான் ஓட்டி ஆறாவது பட்டத்தை வாங்கித் தந்தது. 1994-உடன் இன்டெக்ராலே தயாரிப்பு நின்றது. பிறகு பல வருடம் லான்சியா என்றால் இத்தாலிக்குள் விற்கும் ஒரே ஒரு சின்னக் கார் என்ற நிலைக்குச் சுருங்கியது. ஆனால் சொத்துக் கணக்கில் வேறொன்று நின்றது. 2 லிட்டர் டர்போ, நான்கு சக்கர இழுவை, குடும்பக் கார் உடம்பு என்று டெல்டா காட்டிய வழியில்தான் பிறகு சுபாரு இம்ப்ரெசாவும் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனும் வந்தன. அந்த லான்சரின் சாதாரணத் தம்பி நம் திருவள்ளூரிலேயே தயாரானது. உங்களில் சிலர் ஓட்டியிருப்பீர்கள். புத்தக மதிப்பில் என்றோ பூஜ்யமாகியிருக்க வேண்டிய கடைசி ரக இன்டெக்ராலே, நல்ல நிலையில் இருந்தால் இன்று லட்சம் யூரோவுக்கு மேல் விலை போகிறது. தேய்மானம் கணக்குப் போட்டவர்கள் தோற்ற இடம் அது.

டெல்டா நமக்கு விட்டுப்போன சொத்து என்று நான் நினைப்பது இதைத்தான்: கட்டுப்பாடு வந்தால் தொழில் அழிந்துவிடும் என்று எல்லோரும் சொன்ன வருடத்தில், கட்டுப்பாட்டுக்குள் நின்று ஒரு வண்டி அதிகமாக ஜெயித்துக் காட்டியது.

நம் பகுதியில் இதைச் சொல்வது சுலபமல்ல, தெரியும். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது, இவ்வளவு மருந்துக்கு மேல் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும் என்று விதி இருக்கிறது. உள்குத்தகை விட்டு, ஆர்டர் நெருக்கடியில் மரத்தடியில் உட்கார்ந்து வேலை நடக்கிற இடத்தில்தான் பெரும்பாலும் உயிர் போகிறது. எல்லா விதியும் சரி என்றும் நான் சொல்லவில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தபோது, சரம் பின்னிப் பிழைத்த பெண்களின் கூலி போனதைப் பார்த்தவர்கள் நாம். விதியை மாற்றச் சொல்லி வாதாடலாம். ஆனால் உயிரைக் காக்கிற விதியில் சலுகை கேட்கக் கூடாது. ராலிக்காரர்கள் பலரின் உடலைப் பெட்டிக்குள் வைத்த பிறகு கற்றுக்கொண்டார்கள். நாம் எத்தனை பேருக்குப் பிறகு கற்போம்?

நம் குடியிருப்பிலிருந்தே தொடங்கலாம். மூன்று கோரிக்கைகள்.

ஒன்று: தீபாவளிக்கு முன் மொத்தமாக வாங்கும் கிஃப்ட் பாக்ஸ்களையும் வெடிக் கட்டுகளையும் தரைத்தள கார் பார்க்கிங்கில், வண்டிகளுக்குப் பக்கத்தில் அடுக்குவதை நிறுத்துவோம். "சொந்தக்கார ஆலையிலிருந்து வந்த பெட்டி, இரண்டு நாள்தானே" என்பது காரணமாகாது. பெட்ரோல் டேங்க் எங்கே இருந்தது என்று முன்பே சொன்னேன்.

இரண்டு: நுழைவாயில் முதல் பின்பக்கத் தொட்டி வரை உள்ள பாதையில் எந்த வண்டியும் நிற்க வேண்டாம். அது தீயணைப்பு வண்டி வருகிற வழி. அங்கே நிறுத்துவது யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், பெயர் வேண்டாம்.

மூன்று: எங்கே புகை வந்தாலும் செல்போனைத் தூக்கிக்கொண்டு அருகில் ஓட வேண்டாம். 101-ஐ அழையுங்கள், பிள்ளைகளைப் பின்னுக்கு இழுங்கள், வழிவிடுங்கள். போர்ச்சுகலிலும் முதலிப்பட்டியிலும் நெருங்கி நின்றவர்களைத்தான் இழந்தோம்.

இந்த மூன்றையும் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வைக்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தீபாவளிக்கு முன் நிறைவேற்றித் தாருங்கள். மற்றபடி, டெபாசிட் வட்டியைப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் வீட்டுக்கு வாருங்கள், காபியும் உண்டு.