பெட்ரோல் விலையும் தலைவிதியும்

பெட்ரோல் விலை ஏறினால் நம் மக்கள் "எல்லாம் கிரகசாரம்" என்று பெருமூச்சு விட்டு இருந்துவிடுகிறார்கள். கிரகமா வரி போடுகிறது?

நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. அங்கே யுத்தம் மூண்டாலும், டாலர் மதிப்பு ஏறினாலும் இங்கே விலை ஏறும், ஒப்புக்கொள்ளுகிறோம். அப்படியானால் அங்கே இறங்கும்போது இங்கேயும் இறங்க வேண்டாமா? 2020-ஆம் வருஷம் கொரோனாவால் உலகமெங்கும் எண்ணெய் விலை படுத்துவிட்டது. அந்த மே மாதத்திலேயே மத்திய சர்க்கார் லிட்டருக்குப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும், டீசலுக்கு 13 ரூபாயும் வரியை உயர்த்திற்று. இறங்கின லாபம் சர்க்கார் பெட்டிக்குப் போயிற்று.

இந்த வரியைக் கோடீஸ்வரனும் கூலிக்காரனும் லிட்டருக்கு ஒரே அளவாகக் கொடுக்கிறார்கள். வண்டியே இல்லாதவனும் லாரியில் வரும் அரிசியிலும் காய்கறியிலும் கொடுத்துத் தீருகிறான்.

சர்க்காரால் குறைக்க முடியாதா? 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. மத்திய சர்க்காரும் 2021 நவம்பரிலும், 2022 மே மாதத்திலும் குறைத்தது. ஏற்றின கைக்கு இறக்கவும் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஆகவே கச்சா விலை ஏறும்போது வரி தானே இறங்கும்படி சட்டம் செய்யட்டும். வருமானம் குறையுமென்றால், இருப்பவனிடம் அவன் வரும்படியைப் பார்த்து வாங்கட்டும்.

விளக்கேற்றிக் கும்பிட்டு விலை இறங்கினதில்லை, தோழர்களே! வோட்டுக் கேட்க வருகிறவனிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.