17 ஆண்டுகள் காத்திருந்த இசைக்குழு



இங்கிலாந்தின் வடபகுதியிலே டொன் ஆற்றங்கரையில் அமைந்த ஷெபீல்ட் நகரம் உருக்குக்குப் பேர்போனது. துருவேறாத உருக்கினை 1913 ஆம் ஆண்டில் ஹரி பிறயலி என்பவர் உருவாக்கியது அந்நகரிலேதான். நம் அடுக்களைகளில் எவர்சில்வர் என நாம் வழங்கும் பாத்திரங்களின் பூர்வீகத்தை ஆராயப் புகுவோமாயின் அவ்வூரிலே போய் நிற்போம். அந்நகரத்துப் பாடசாலை ஒன்றில் 1978 ஆம் ஆண்டிலே ஜாவிஸ் கொக்கர் என்னும் 15 வயது மாணவனும் அவன் தோழன் பீற்றர் டோல்ற்றனும் சேர்ந்து ஓர் இசைக்குழுவைத் தொடங்கினர். அக்குழுவைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். அதன் பெயர் 'பல்ப்'.

இப்பெயரைக் கேட்டவுடன் நம்மவர்க்கு மின்விளக்கின் குமிழே நினைவுக்கு வரும். இது அதுவன்று. கூழ், சதைப்பற்று, காகிதம் செய்வதற்கு அரைத்த மரக்கூழ் என்றெல்லாம் பொருள்படும் வேறொரு சொல். அப்பெயரில் 1972 ஆம் ஆண்டிலே வெளிவந்த ஒரு திரைப்படமும் உண்டு. பொருளியல் வகுப்பிலே பார்த்த பண்டவிலைப் பட்டியல் ஒன்றில் 'அராபிக்கா' இனக் கோப்பியைக் கண்ட மாணவர்கள், தொடக்கத்தில் அதனையும் முன்னொட்டாகச் சேர்த்து 'அராபிக்கஸ் பல்ப்' என்று வழங்கினர். கோப்பி விரைவில் உதிர்ந்துபோயிற்று, கூழ் நிலைத்தது.

'இண்டி றொக்' என்னும் வகையைச் சேர்ந்தது இக்குழு. 'இண்டி' என்பது சுதந்திரமானது என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். இசைத்தட்டு வணிகம் முழுவதும் சில பெருங் கம்பனிகளின் கைக்குள் அடங்கியிருந்த காலத்தில், 1970களின் பிற்பகுதியிலே, சிறு கடைக்காரர்களும் இசைப்பித்தர்களும் தம் கைப்பணத்தைப் போட்டு ஆயிரம் இரண்டாயிரம் இசைத்தட்டுக்கள் அடித்து விற்கத் தலைப்பட்டனர். இவ்வாறு பெருங் கம்பனிகளைச் சாராது வெளிவந்த இசைக்கே அப்பெயர் முதலில் உரியதாயிற்று. நாளடைவில் அது வணிகமுறையைக் குறிப்பதை விட்டு, ஒருவகைப் பாணியையும் மனப்போக்கையும் குறிக்கும் பெயராகிவிட்டது. சுதந்திரம் என்றால் கேட்பதற்கு இனிமைதான். ஆயின் அதன் மறுபெயர் பெரும்பாலும் வறுமை என்பதனை இக்குழுவினரைப்போல் அறிந்தவர் சிலரே.

கொக்கர் மெலிந்து நெடிதுயர்ந்த உருவினர். ஐந்து வயதில் மூளையுறை அழற்சி கண்டு, அதனாற் பார்வை குன்றித் தடித்த கண்ணாடி அணிய நேர்ந்தது. ஏழு வயதில் தந்தை குடும்பத்தை விட்டு அவுஸ்திரேலியாவுக்குச் சென்றுவிட்டார். பள்ளி மாணவனாக இருந்த நாளிலே நகரத்து மீன்சந்தையில் வேலைசெய்து கைச்செலவுக்குப் பணம் தேடினார். அந்நாளில் அவர் வைத்திருந்த பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று பிற்காலத்திற் கிடைத்தது. தம் குழு எவ்வகை உடை உடுக்க வேண்டும், எவ்வாறு புகழ்பெற வேண்டும், இசை வணிகத்தை எவ்வாறு மாற்றியமைக்க வேண்டும் என்றெல்லாம் அதிலே திட்டம் தீட்டியிருந்தார் அச்சிறுவர். 2022 ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலொன்றிலே அதனை அவரே சிரித்துக்கொண்டு எடுத்துக்காட்டுகின்றார்.

வானொலி நேயர்களாகிய நாம் மகிழ்வதற்குரிய செய்தி ஒன்றுண்டு. இக்குழுவுக்கு முதன்முதற் கதவைத் திறந்தது வானொலியேயாகும். பீ.பீ.சி.யின் முதலாம் வானொலியிலே 1967 முதல் 2004 ஆம் ஆண்டில் தாம் மறையும்வரை நிகழ்ச்சி நடத்திய ஜோன் பீல் என்பவர், எவரும் அறியாத இளைஞர்களின் இசையைத் தேடிப்பிடித்து ஒலிபரப்புவதில் இணையற்றவர். அவர் 1981 ஆம் ஆண்டில் ஷெபீல்டுக்கு வந்தபோது, கொக்கர் தம் பாடல்கள் அடங்கிய ஒலிநாடாவை அவர் கையிலே கொடுத்தார். இத்தகைய நாடாக்கள் எத்தனையோ அவர் கைக்கு வந்துகொண்டிருந்தன. ஆயினும் இதனை அவர் கேட்டார். அவ்வாண்டு நவம்பர் மாதத்திலே, பள்ளிப்படிப்பை முடியாத அச்சிறுவர்கள் இலண்டன் சென்று பீ.பீ.சி. கலையகத்தில் நான்கு பாடல்களை ஒலிப்பதிவு செய்து மீண்டனர்.

இனி என்ன, புகழ் வந்து வாயிலிலே நிற்கும் என்று எவரும் எண்ணுவர். அவர்களும் அவ்வாறே எண்ணினர். ஆனால் பீல் அவர்களின் நிகழ்ச்சிக்காக அவர்கள் இரண்டாம் முறை ஒலிப்பதிவு செய்தது எப்போது என்று கேட்பீராயின், 1993 ஆம் ஆண்டிலே! இடையிற் கழிந்தவை 12 நெடிய ஆண்டுகள். அந்த 12 ஆண்டுகளே இக்கதையின் உயிர்நிலை எனக் கருதுகின்றேன்.

உடன் இருந்த மாணவர்கள் ஒவ்வொருவராய்ப் படிப்பையும் தொழிலையும் நாடிச் சென்றனர். 1983 ஆம் ஆண்டில் 'இற்' என்னும் முதல் இசைத்தட்டு வெளிவந்தது, வாங்குவார் அரியர். றசல் சீனியர் என்பவர் வயலினும் கிற்றாரும் கொண்டு வந்து சேர்ந்தார். கண்டிடா டொயில் என்னும் பெண்மணி விசைப்பலகை இசைக்க வந்தார். 16 வயதிலேயே முடக்குவாதம் கண்டதென்று மருத்துவர்களாற் கூறப்பெற்றவர் இவர். மூட்டுக்களை வருத்தும் நோயுடன், விரல்களாலேயே வாழவேண்டிய தொழிலை மேற்கொண்டு, 40 ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே விசைப்பலகையின் முன் நின்றார் என்பது சிறிய செய்தியன்று. பாடகரின் பெயரையே உலகம் அறியும். இவ்வம்மையாரின் பொறுமைக்கு யார் பரிசளித்தார்?

ஷெபீல்டுக்கும் அது கொடிய காலம். உருக்காலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1984 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நகருக்கு அண்மையிலுள்ள ஓர்கிறீவில் வேலைநிறுத்தஞ் செய்த சுரங்கத் தொழிலாளருக்கும் பொலீசாருக்கும் பெருமோதல் நிகழ்ந்தது. வேலையற்றோர் உதவிப்பணத்தில் வாழ்ந்த இளைஞர் கூட்டத்தினுள் நம் பாடகரும் ஒருவர்.

1985 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே ஒரு விபத்து நேர்ந்தது. ஒரு பெண்ணின் மனத்தைக் கவரும்பொருட்டு, சித்திரக்கதை வீரனைப்போலச் சன்னலுக்கு வெளியே தொங்கிக் காட்ட முயன்ற கொக்கர், பிடி தளர்ந்து கீழே வீழ்ந்தார். இடுப்பெலும்பும் காலும் மணிக்கட்டும் முறிந்தன. சிலகாலம் சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேடைகளிற் பாடினார். வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்த நாட்களிலேதான், வானத்துக் காதலையும் கற்பனைத் துயரையும் பாடுவதை விட்டுத் தம்மைச் சூழ்ந்துள்ள மனிதரின் அன்றாட வாழ்வையே பாடவேண்டும் என்ற எண்ணம் தோன்றியதாக அவர் பின்னர் கூறியுள்ளார். அடுத்த கட்டிலின் நோயாளி, மூடிய ஆலை, வாடகை அறையின் சுவர்த்தாள், பேருந்து நிலையம் ஆகியவை பாட்டுக்குரிய பொருளாயின. சன்னலிலிருந்து வீழ்ந்தது அறிவீனமே. ஆயினும் அவ்வீழ்ச்சியில்லையேல் நமக்கு அப்பாடல்களும் இல்லை.

அதன் பின்னரும் உயர்வு உடனே வந்துவிடவில்லை. 1987 ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் இசைத்தட்டும் கவனிப்பாரற்றுப் போயிற்று. 1988 ஆம் ஆண்டிலே கொக்கர், இசையைத் துறந்தவர்போல, இலண்டனிலுள்ள செயின்ற் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் திரைப்படக்கலை கற்கச் சென்றார். 1989 இல் ஒலிப்பதிவான மூன்றாம் இசைத்தட்டு 1992 வரை வெளிவராமற் கிடந்தது. இதற்கிடையில் நிக் பாங்ஸ் என்பவர் முரசறையவும், ஸ்ரீவ் மக்கி என்பவர் தாழ்சுருதிக் கிற்றார் வாசிக்கவும் வந்து சேர்ந்தனர். நிக் பாங்ஸ், 1966 ஆம் ஆண்டில் உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து உதைபந்தாட்டக் குழுவின் இலக்குக் காவலர் கோடன் பாங்ஸின் மருமகனாவார்.

இதன் பின்னரே காற்றுத் திரும்பியது. 1993 ஆம் ஆண்டில் ஐலண்ட் கம்பனி இவர்களை ஏற்றது. 1994 ஆம் ஆண்டில் வெளிவந்த நான்காம் இசைத்தட்டு விற்பனை வரிசையில் 9 ஆம் இடத்தை அடைந்தது. சுதந்திரம் வேண்டி நின்றவர்கள் பெருங் கம்பனியிடம் போய்ச் சேரலாமா என்று அந்நாளிற் குறைகூறியவர் உளர். 15 ஆண்டுகள் பசித்திருந்தவனை நோக்கிச் சோற்றின் தூய்மையைப் பற்றி உபதேசிப்பது எனக்கு உவப்பானதன்று.

இனி அவர்களுடைய புகழ்பெற்ற பாடலுக்கு வருவோம். 'கொமன் பீப்பிள்', அதாவது சாதாரண மக்கள், என்பது அதன் பெயர். இலண்டன் கடையொன்றிலே பழைய இசைத்தட்டுக்களைக் கொடுத்துவிட்டு வாங்கிய சிறு விசைப்பலகையிலேயே அதன் மெட்டு முதலிற் பிறந்தது. கலைக்கல்லூரியிற் கொக்கர் சந்தித்த கிரேக்க மாணவி ஒருத்தி, ஏழைமக்கள் வாழும் பகுதியிற் போய் அவர்களைப்போல வாழ்ந்துபார்க்க விரும்புவதாகக் கூறினாளாம். அப்பேச்சே பாடலின் கரு. செல்வர் வீட்டுப் பெண் ஏழ்மையை ஓர் உல்லாசப் பயணமாக எண்ணுகின்றாள். பாடுவோன் முதலில் நகைக்கின்றான். பின்னர், வேண்டாத வேளையில் தந்தையை அழைத்து அதனினின்று விடுபடக்கூடியவள் ஒருபோதும் ஏழையாகமாட்டாள் என்று எடுத்துரைக்கின்றான். தொடக்கத்தில் நகைச்சுவையாக நடைபோடும் பாட்டு, போகப்போக வேகமும் ஆத்திரமும் கொண்டு, ஈற்றிலே கொதித்தெழுகின்றது. மூடப்பட்ட ஆலைகளின் நகரத்திலே வளர்ந்தவனின் கோபம் அது. வர்க்க பேதத்தைப் பற்றி நூல்கள் பல உண்டு. நடனமாடிக்கொண்டு கேட்கத்தக்க நூல் அவற்றுள் யாதும் இல்லை.

1995 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த அப்பாடல் விற்பனை வரிசையில் 2 ஆம் இடம் வரை சென்றது. அடுத்த மாதம் சமசெற் மாகாணத்துப் பண்ணையொன்றில் நடைபெறும் கிளாஸ்ரன்பெரி விழாவிலே 'த ஸ்ரோன் றோசஸ்' என்னும் புகழ்வாய்ந்த குழு முதன்மை மேடையில் ஏற இருந்தது. அக்குழுவின் கிற்றார்க் கலைஞர் ஜோன் ஸ்கொயர் மிதிவண்டியிலிருந்து வீழ்ந்து காறையெலும்பை முறித்துக்கொண்டார். பல்ப் குழுவினர் சில நாள் முன்னறிவித்தலுடன் அவ்விடத்துக்கு அழைக்கப்பட்டனர். தங்குமிடம் கிடையாமையாற் கூடாரம் அடித்துத் தங்கினர். யூன் 24 ஆம் நாள் இரவு, வேறொருவரைக் காணவந்த பல்லாயிரவர் முன்னிலையில், அதுவரை பொதுமக்கள் கேட்டறியாத புதுப்பாடல்களையும் துணிந்து பாடினர். ஈற்றுப் பாடலுக்கு முன்னர் கொக்கர், தம்மைப்போன்ற ஒல்லியன் ஒருவனாலேயே இது முடியுமாயின் உங்களாலும் முடியும் என்னும் கருத்துப்படக் கூட்டத்தாரிடம் பேசினார். பின்னர் 'கொமன் பீப்பிள்' எழுந்தது. கூட்டம் முழுவதும் உடன் பாடியது. ஒருவர் வீழ்ச்சியில் மற்றவர்க்கு வாழ்வு என்பது கொடுமையான விதிதான். ஆயினும் 17 ஆண்டுகளாகப் பாடிப் பழகியிராதவர்க்கு அந்த மேடை ஓரிரவிலே கிடைத்திருப்பின் என்ன செய்திருப்பர் என்றும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அவ்வாண்டு ஒக்டோபர் மாத முடிவில் வந்த 'டிபறன்ற் கிளாஸ்' இசைத்தட்டு முதலிடம் பெற்றது. பிரித்தானியாவில் மாத்திரம் 10 இலட்சத்துக்கு மேல் விற்றது. 1996 இல் மேர்க்குரிப் பரிசும் அதற்கே கிடைத்தது. பரிசுத்தொகை 25,000 பவுணையும் போரினாற் பாதிக்கப்பட்ட சிறுவர்க்கு உதவும் 'வார் சைல்ட்' நிலையத்துக்குக் கொடுத்துவிட்டனர். அதே ஆண்டு பெப்ரவரியில் பிறிற் விருது விழாவிலே, மைக்கேல் ஜாக்சன் தம்மை ஒரு மீட்பரைப்போலக் காட்டிப் பாடிக்கொண்டிருக்கையில், கொக்கர் மேடைமீதேறிக் கேலி செய்ததும், பொலீசார் விசாரித்து வழக்கின்றி விட்டதும் பத்திரிகைகளுக்குப் பல நாள் விருந்தாயின. பாட்டினாற் பெற்ற புகழைவிட இக்குறும்பினாற் பெற்ற புகழே பெரிதாயிற்று என்பது வருந்தத்தக்கது.

புகழ் அவருக்கு ஒத்துவரவில்லை. 1997 இல் றசல் சீனியர் விலகினார். 1998 இல் வெளிவந்த இசைத்தட்டு முதலிடம் பெற்றதாயினும், புகழின் கசப்பையும் முதுமையின் அச்சத்தையும் பாடிய அதனை வாங்கியோர் முன்னையிலுங் குறைவு. என்னைக் கேட்பீராயின், இவர்களுடைய ஆழமான படைப்பு அதுவே. 2001 இல் மற்றொன்று வந்தது. 2002 இறுதியில், பழைய உருக்காலையாய் இருந்து காட்சிக்கூடமாய் மாறிய றொதரம் நகரத்து மண்டபத்திற் பாடிவிட்டுக் கலைந்தனர்.

2011 இலும் 2012 இலும் மீண்டுங் கூடிப் பாடினர். 2023 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மறுபடியுங் குழு புறப்படவிருந்த வேளையில், ஸ்ரீவ் மக்கி தமது 56 ஆம் வயதிற் காலமானார். எஞ்சியோர் பாடலை நிறுத்தவில்லை. 2025 ஆம் ஆண்டு யூன் 6 ஆம் நாள், ஏறத்தாழ 24 ஆண்டுகளுக்குப் பின், 'மோர்' என்னும் புதிய இசைத்தட்டினை மக்கியின் நினைவுக்கு உரிமையாக்கி வெளியிட்டனர். அதனை வெளியிட்டது 'றவ் திறேட்' என்னும் சுதந்திர நிறுவனம். அதுவும் முதலிடம் பெற்றது. அதிலிருந்து முன்னதாக வெளியிடப்பட்ட பாடலின் பெயர் 'ஸ்பைக் ஐலண்ட்'. 1990 ஆம் ஆண்டிலே ஸ்ரோன் றோசஸ் குழுவினர் பெருங் கச்சேரி நடத்திய இடத்தின் பெயர் அது.

அம்மாதம் 28 ஆம் நாள் கிளாஸ்ரன்பெரி நிகழ்ச்சிநிரலில் 'பட்ச்வேர்க்' என்று எவரும் அறியாத ஒரு பெயர் அச்சிடப்பட்டிருந்தது. குறித்த வேளையில் மேடைக்கு வந்தவர்கள் பல்ப் குழுவினர். கண்டிடா டொயில் விசைப்பலகையிலும் நிக் பாங்ஸ் முரசிலும் இருந்தனர். 61 வயதான கொக்கர், 30 ஆண்டுகளுக்கு முன் செய்ததுபோலவே, 'கொமன் பீப்பிள்' பாடலை ஈற்றில் வைத்துப் பாடினார்.