பிரெஞ்சுச் சட்டத் தொகுப்பும் கூலியாளின் சொல்லும்



பிரெஞ்சுப் புரட்சி என்றவுடன் சமத்துவம் என்னும் சொல்லே நம் நினைவுக்கு வருகின்றது. மாந்தர் அனைவரும் உரிமையில் சமமானவர் என்று 1789ஆம் ஆண்டில் அந்நாட்டார் அறிக்கை செய்தனர். ஆனால், ஒருவன் தனக்கு வரவேண்டிய கூலியைக் கேட்டு நீதிமன்றப் படி ஏறினால் அங்கே எழும் வினா வேறு. சான்று எங்கே? யாருடைய சொல்லை நம்புவது? இவ்வினாவிற்கு அந்நாட்டுச் சட்டம் என்ன விடை கூறிற்று என்பதனையே இன்று நாம் ஆராய முற்படுகின்றோம்.

புரட்சிக்கு முன்னர் பிரான்சு முழுமைக்கும் பொதுவான ஒரு சட்டம் இருந்ததில்லை. வடபகுதியில் ஊர் வழக்காறுகளும் தென்பகுதியில் ரோமானியச் சட்டமும் நிலவின. நெப்போலியன் காலத்தில், 1804 மார்ச் 21ஆம் நாள், 2281 பிரிவுகள் கொண்ட உரிமையியல் சட்டத் தொகுப்பு வெளிவந்தது. அன்றாட வாழ்வின் கடமைகள் பல அதனுள் அடங்கும். மேட்டு நிலத்திலிருந்து இயல்பாக வடியும் நீரைப் பள்ளத்து நிலத்தான் ஏற்றாக வேண்டும். அவனது சுமை மிகும்படி மேட்டு நிலத்தான் எதுவும் செய்தலாகாது. வறுமையுற்ற பெற்றோரைப் பிள்ளைகள் காத்தல் வேண்டும். மருமக்களுக்கும் அக்கடமை உண்டு. மேட்டு நிலத்தான் எந்தக் குலத்தான் என்று சட்டம் கேட்பதில்லை. இதுவரை நன்று.

இனி, உழைப்போர் நிலையைப் பார்ப்போம். அத்துணைப் பெரிய தொகுப்பில், வேலையாட்களுக்கும் தொழிலாளர்க்கும் என ஒதுக்கப்பட்ட பகுதியில் இருந்தவை இரண்டே பிரிவுகள். 1780ஆம் பிரிவு, ஒருவன் தன் உழைப்பை ஒரு கால அளவிற்கோ ஒரு குறிப்பிட்ட வேலைக்கோ மட்டுமே ஒப்படைக்கலாம் என்றது. அதாவது, ஆயுள் முழுதும் அடிமைப்பட்டுக் கிடக்கும் ஒப்பந்தம் செல்லாது. போற்றத்தக்க விதி! ஆனால் அடுத்த 1781ஆம் பிரிவு கூறியது யாது? கூலி எவ்வளவு என்பதிலும், சென்ற ஆண்டின் கூலி கொடுக்கப்பட்டதா என்பதிலும், நடப்பாண்டில் கொடுத்த முன்பணம் எவ்வளவு என்பதிலும் எசமானர் உறுதியாகச் சொல்லும் சொல்லே நம்பப்படும் என்றது. 150 பிராங்குக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கலுக்கு எழுத்துச் சான்று வேண்டும் என்று கண்டிப்புக் காட்டிய அதே தொகுப்பு, எசமானரிடம் மட்டும் ஏட்டையும் கேட்கவில்லை, சாட்சியையும் கேட்கவில்லை. ஒரு பிரிவு விலங்கைக் கழற்றியது; மறு பிரிவு வாயைக் கட்டியது. பண்ணைக் கணக்கின் முன் கைகட்டி நின்ற முன்னோரை உடைய நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

இப்பிரிவு 64 ஆண்டுகள் நிலைத்திருந்து, 1868 ஆகஸ்டு 2ஆம் நாள் நீக்கப்பட்டது. அதன்பின் பொது விதியே கூலிக்கும் உரியதாயிற்று. கடன் உண்டு என்பவன் கடனை மெய்ப்பிக்க வேண்டும். தீர்த்துவிட்டேன் என்பவன் தீர்த்ததை மெய்ப்பிக்க வேண்டும். 1931ஆம் ஆண்டுச் சட்டம் ஊதியச் சீட்டு வழங்குதலைக் கட்டாயமாக்கியது. அச்சீட்டை மறுப்பின்றி வாங்கிக்கொண்ட காரணத்தால் தொழிலாளி தன் பாக்கியைக் கேட்கும் உரிமையை இழந்துவிட மாட்டான் என்பதும் இன்று அந்நாட்டில் சட்டமாகும்.

தீர்ப்பளிப்போர் யாவர் என்பதும் நோக்கத்தக்கது. பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற லியோன் நகரில் 1806ஆம் ஆண்டில் தொழில் வழக்கு மன்றம் ஒன்று நிறுவப்பட்டது. அதில் வணிக முதலாளிகள் ஐவர், தறிக்கூடத் தலைவர்கள் நால்வர். கூலி நெசவாளர் ஒருவரும் இல்லை. 1848ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னரே இத்தகைய மன்றங்களில் இரு தரப்பினரும் சம எண்ணிக்கையில் அமர்ந்தனர். ஏழைகளுக்கு வழக்குச் செலவில் உதவும் சட்டம் 1851இல் வந்தது. 1975ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட உரிமையியல் நடைமுறைத் தொகுப்போ, அழைக்கப்படாமலோ கேட்கப்படாமலோ எவர் மீதும் தீர்ப்புக் கூறலாகாது என்கிறது. எதிர்த்தரப்பின் சான்றை முன்னதாகவே அறியும் உரிமையும் அதில் உண்டு. நடைமுறை விதி என்றால் வறண்ட செய்தி என்று பலர் ஒதுக்குவர். நாம் அவ்வாறு எண்ணவில்லை.

இத்தொகுப்பு நம் மண்ணையும் தொட்டதுண்டு. பிரெஞ்சிந்தியாவில் மக்களின் சாதி வழக்காறுகள் விட்டு வைக்கப்பட்டிருந்தன. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, விரும்புவோர் அவ்வழக்காறுகளைத் துறந்து, குடும்பப் பெயர் ஒன்றைச் சூடி, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வர வழி செய்தது. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் தாழ்த்தப்பட்ட மக்களும் கிறித்தவர்களும் பலர் அவ்வழியை நாடினர்.

இன்னும் ஒரு விதியை இக்கல்விக் கழகத்தார் கேட்டல் வேண்டும். வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்கி ஏமாற்றுவதைத் தடுக்க, கடன் பத்திரம் பிறர் கையால் எழுதப்பட்டிருப்பின், கடன்படுவோன் தொகையைத் தன் கைப்பட எழுத்தால் எழுதல் வேண்டும் என்றது 1326ஆம் பிரிவு. ஆனால் வணிகர், கைவினைஞர், உழவர், திராட்சைத் தோட்டத்தார், நாட்கூலிகள், வேலையாட்கள் ஆகியோர்க்கு இவ்விதி பொருந்தாது என விலக்கும் அளித்தது. பெயரை மட்டும் கிறுக்கத் தெரிந்தவன் தொகையை எவ்வாறு எழுதுவான் என்பதே கருத்துப் போலும். காவல் யாருக்கு மிகுதியும் வேண்டுமோ அவருக்கே அது மறுக்கப்பட்டது. 1882இல் பிரான்சில் பிள்ளைகள் அனைவர்க்கும் கல்வி கட்டாயமாயிற்று. உழவன் மகனும் தொகையை எழுத்தால் எழுதக் கற்றான். ஆயினும் அவ்விலக்கு சட்டத்திலிருந்து நீங்க மேலும் 98 ஆண்டுகள் ஆயின. 1980 ஜூலை 12ஆம் நாள் சட்டமே அதனை நீக்கியது.