நாற்காலி நமக்கு, கோப்பு யாருக்கு?



நினைவுப் பொழிவு என்றால் மறைந்தவரின் புகழைப் பாடித் தொடங்குவது வழக்கம். நம் தோழருக்கு அது பிடிக்காது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தத் தெருக்களில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கவுன்சிலரா? ஓட்டு கேக்க வந்தப்போ பாத்தது." இதை மக்களின் அலட்சியம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பட்டுத் தெரிந்துகொண்ட அறிவாகவே படுகிறது. ஆனால் அந்த அறிவு பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஆளைத் திட்டுகிறோம், அடுத்த தேர்தலில் வேறு ஆளைத் தேடுகிறோம். அந்த ஆள் உட்காரும் இடத்தில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று கேட்பதில்லை. அதைத்தான் இன்று கேட்க விரும்புகிறேன்.

2025 ஆகஸ்ட் 1 முதல் 13 நாட்கள் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நமக்குப் பக்கத்து ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களில் குப்பை அள்ளியவர்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம் மக்கள். பல ஆண்டுகள் மாநகராட்சிக்காகத் தெருவைக் கூட்டியவர்களை, ஜூன் மாதம் மாமன்றத்தில் போட்ட ஒரு தீர்மானம் தனியார் நிறுவனத்தின் கைக்கு மாற்றியது. மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் வாங்கிய இடத்தில் 17,000 கூட வராது என்று அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மழையிலும் வெயிலிலும் நடைபாதையிலேயே கிடந்தார்கள். நடைபாதையை விட்டு அகற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை வந்து வண்டியில் ஏற்றியது. மறுநாள் அரசு, இலவசக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. வேலையைக் கேட்டவர்களுக்கு இட்லி.

இனி நமக்குக் கசப்பான பகுதி. அந்த மாமன்றத்தின் தலைமை நாற்காலியில் இருப்பவர் மேயர் ஆர். பிரியா. 2022 மார்ச்சில், 28 வயதில், சென்னையின் முதல் தலித் பெண் மேயராகப் பொறுப்பேற்றவர். அவர் வென்ற 74ஆவது வார்டு இருப்பது அதே திரு.வி.க. நகர் மண்டலத்தில். அவர் பதவியேற்ற நாளில் நாம் இனிப்புக் கொடுத்தோம், கொடுத்தது சரிதான். 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை, 1945இல் ந. சிவராஜ் என்று இந்த நகரத்துக்குத் தலித் மேயர்கள் முன்பே உண்டு. ஆனால் நம் வீட்டுப் பெண் ஒருவர் அந்த அங்கியைப் போட 2022 வரை ஆயிற்று.

அப்படியானால் நம் தெருப் பெண்கள் நடுரோட்டில் கிடந்தபோது அந்த நாற்காலி ஏன் அசையவில்லை? துரோகம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம், முகநூலில் அதைத்தான் செய்தார்கள். நான் அங்கே நிற்க விரும்பவில்லை. மாநகராட்சியின் நிர்வாக அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. மாமன்றத்தில் இருக்கும் 200 பேரில் மிகப் பெரும்பாலோர் அன்றைய ஆளும் அணிக்காரர்கள். கட்சி முடிவெடுத்தபின் கைதூக்குவதுதான் அவர்கள் வேலை. மேயரும் கட்சிக்காரர்தான். குடிநீருக்குத் தனி வாரியம், வீட்டுக்குத் தனி வாரியம், நகரத் திட்டமிடலுக்குத் தனிக் குழுமம், எல்லாம் மாநில அரசின் கீழ். துறைமுகம் ஒன்றிய அரசுடையது. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, அதே மாதம் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது, மக்கள் முதலில் ஓடியது கவுன்சிலரிடம்தான். ஆலையைக் கேட்க அவருக்கு என்ன அதிகாரம்? திட்டு வாங்குவதற்கு மட்டும் நம் தெருவில் ஓர் ஆள் இருக்கிறார்.

74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளுக்குரிய 18 பணிகளை அது பட்டியல் போட்டது. ஆனால் மாநிலங்கள் அவற்றைக் கொடுக்கலாம் என்றுதான் அதில் இருக்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. அந்த ஒரு 'லாம்'-இல் முப்பது வருடம் போய்விட்டது.

கிராமத்துக் கதை உங்களுக்குத் தெரியும். மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தலைவர் பதவியை நிரப்பவே விடவில்லை. நம் எண்ணூரைத் தாண்டி கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆத்துப்பாக்கத்தில், 2020 சுதந்திர தினத்தன்று தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. அங்கே நாற்காலியில் உட்காரவிடாத சாதி கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே உட்காரவைத்து, கோப்பை வேறு அறைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

"ஊழல் மன்றத்தைக் கலைத்துவிட்டு நேர்மையான அதிகாரியிடம் கொடுங்கள்" என்று சிலர் சொல்வார்கள். அதையும் இந்த நகரம் பார்த்துவிட்டது. 1973இல் மஸ்டர் ரோல் ஊழலைக் காட்டி மாமன்றத்தைக் கலைத்தார்கள். இல்லாத கூலியாட்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதிப் பணம் எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதன்பின் தேர்தல் நடந்தது 1996இல். இருபத்து மூன்று ஆண்டுகள் அதிகாரிகள் ஆண்டார்கள். பிறகு 2016 முதல் 2022 வரை மறுபடி ஐந்தாண்டுக்கு மேல் மன்றம் இல்லை. அதிகாரி ஆட்சியில் நம் தெருக் கழிவுநீர் நின்றதா? அன்று பதிவேட்டில் இல்லாத ஆட்கள் இருந்தார்கள். 2025இல் இருக்கிற ஆட்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்தார்கள்.

இன்னொரு கேள்வி நம் பக்கத்திலிருந்தே வந்தது. பணி நிரந்தரம் கேட்பது சாதித் தொழிலை நிரந்தரமாக்குவது ஆகாதா? நேர்மையான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் சுற்றிப் பாருங்கள். இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் எத்தனை மாணவர்களின் தாத்தாவோ பாட்டியோ மாநகராட்சியில் நிரந்தரப் பணியில் இருந்தவர்கள்? அந்தச் சம்பளமும் ஓய்வூதியமும்தான் பிள்ளைகளைத் துடைப்பத்திலிருந்து விலக்கிப் படிக்க அனுப்பின. ஒப்பந்தக் கூலியில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் மகள் போய் நிற்க வேண்டும். தொழிலைப் பரம்பரையாக்குவது எது?

சரி, என்ன சீர்திருத்தம் கேட்கலாம்? 2022இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. ஒவ்வொரு வார்டையும் பகுதிகளாகப் பிரித்து, அங்குள்ள வாக்காளர் எல்லோரும் உறுப்பினராக, கிராம சபை போல ஒரு சபை. நல்ல ஏற்பாடு. ஆனால் பகுதிப் பிரதிநிதியை மாமன்றமே நியமிக்கிறது. அதாவது, நடைமுறையில் கவுன்சிலர் கை காட்டும் ஆள். கவுன்சிலரைக் கேள்வி கேட்க வேண்டியவரைக் கவுன்சிலரே பிடித்து வைப்பது என்ன முறை? அந்தப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு மண்டலத்தின் குப்பையை, அள்ளுகிறவர்களோடு சேர்த்துத் தனியாருக்குக் கொடுப்பதானால், தீர்மானம் முதலில் அந்தப் பகுதி சபைகளுக்கு வரட்டும். மாமன்றத்தில் யார் எதிர்த்தார், யார் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பது பெயர் வாரியாகப் பதிவாகித் தமிழில் வெளியாகட்டும். 'ஒருமனதாக நிறைவேறியது' என்ற ஒரு வரியில் 200 பேரும் ஒளிந்துகொள்ளக் கூடாது.

இப்போதைய மாமன்றத்தின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த தேர்தலை நேரத்துக்கு நடத்துங்கள் என்று இப்போதே கேட்காவிட்டால், தனி அலுவலர் வந்து உட்கார்ந்துவிடுவார். பல மாவட்டங்களின் ஊராட்சிகளில் 2025 ஜனவரியில் அதுதான் நடந்தது.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வார்டில் பகுதி சபை எத்தனை முறை கூடியது, எங்கே கூடியது, யார் பிரதிநிதி, கூட்டக் குறிப்பின் நகல் என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்த பதிலை எடுத்துக்கொண்டு இங்கேயே மறுபடி கூடுவோம். அடுத்து, ரிப்பன் மாளிகை வாசலில் இருந்த அக்காமார்கள் பேச வந்திருக்கிறார்கள். மைக்கை அவர்களிடம் தருகிறேன்.