கெடுதி வினாதல்



தான் துரத்திய விலங்கு தப்பியதாகக் கூறி, தினைப்புனம் காக்கும் மகளிரிடம் அதன் வழியைக் கேட்பான் குறிஞ்சித் தலைவன். இதனைக் 'கெடுதி வினாதல்' என்பர். கெடுதி என்பது இழந்த பொருள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலும் இவ்வினா உண்டு. அவர் உயிர்நீத்த இடமாகப் போற்றப்படும் கபிலர் குன்று, நம் மாவட்டத்துத் திருக்கோவலூரில், தென்பெண்ணையாற்றில்தான் உள்ளது.

அமெரிக்க மலைகளின் பொதுக்காடுகளில் எல்க் என்னும் பெருமானை வேட்டையாட, உரிமம் பெற்றோர் இன்றும் கூட்டமாய்க் குவிகின்றனர். நம் நாட்டிலோ 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிம வேட்டைக்கும் முடிவு கட்டியது. கல்வராயன் மலையில் இன்று கடமானைக் கொல்வது குற்றம். அது அறமே.

ஆயினும், வேட்டை ஓய்ந்ததும் வேட்டுவன் அறிவும் ஓய வேண்டுமா? குளம்படி கண்டு விலங்கின் வயது சொல்வதும், காற்றின் போக்கறிந்து நடப்பதும், ஒவ்வொரு சுனைக்கும் ஓடைக்கும் பெயரிட்டு அழைப்பதும் அவ்வறிவே. மலையாளிப் பழங்குடி முதியோரோடு அச்சொற்களும் மறையுமாயின், நாம் பாடும் குறிஞ்சி ஏட்டுக் குறிஞ்சியே.

கவிஞர்களே, மலையேறுங்கள், வில்லெடுத்தன்று, எழுதுகோலெடுத்து. நாம் வினவ வேண்டிய கெடுதி, தப்பிய மானன்று, தப்பிக்கொண்டிருக்கும் சொல்.