இரண்டு அங்குலம்



இந்த மாதிரிப் பட்டமளிப்பு விழா மேடைகளில் வென்றவர்களின் கதையைச் சொல்வதுதான் வழக்கம். நான் இரண்டாம் உலகப் போரில் இறந்துபோன ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி. கனடா நாட்டு விமானப் படைவீரர். இறந்தபோது வயது 27. அவருடைய கதையைத் துணிச்சலின் கதை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பொறியாளர்களாகப் போகும் உங்களிடம் அதைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.

மைனார்ஸ்கி 1916இல் வினிபெக் நகரத்தில் பிறந்தார். போலந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவருக்குப் பதினாறு வயதானபோது தகப்பனார் இறந்துவிட, வீட்டைத் தாங்குவதற்காகத் தோல் வெட்டும் வேலைக்குப் போனார். 1941இல் கனடா விமானப்படையில் சேர்ந்தார். இங்கிலாந்தின் வடக்கே மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் என்ற தளத்தில் இருந்த 419ஆவது படைப்பிரிவு அவருடையது. அவர் பறந்தது லங்காஸ்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். அதில் ஏழு பேர் போவார்கள். முதுகின் மேல் இருந்த துப்பாக்கிக் கூண்டு மைனார்ஸ்கிக்கு. வால் நுனியில் இருந்த கூண்டு பாட் பிரோஃபி என்ற அவருடைய நண்பருக்கு. மற்ற ஆறு பேரையும் விட்டு விலகி, பின்பக்கம் பார்த்தபடி, குளிரில் தனியே உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் அது.

1944 ஜூன் 12, இரவு. நேச நாட்டுப் படைகள் நார்மண்டி கடற்கரையில் இறங்கி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. ஜெர்மானியர்கள் கூடுதல் படைகளை ரயிலில் அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக, வட பிரான்சின் காம்பிரே ரயில் சந்திப்பைத் தாக்கச் சொல்லி உத்தரவு. இந்தக் குழுவுக்கு அது பதின்மூன்றாவது பயணம். கிளம்புவதற்கு முன் புல்தரையில் காத்திருந்தபோது மைனார்ஸ்கி நாலு இலைத் தீவனப்புல் ஒன்றைக் கண்டெடுத்தார். அந்த ஊர்க்காரர்கள் அதை அதிர்ஷ்டம் என்று நம்புவார்கள். அதைத் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் பிரோஃபியிடம் கொடுத்துவிட்டார்.

நள்ளிரவு தாண்டியதும் ஜெர்மானியப் போர் விமானம் ஒன்று பின்னாலிருந்து, கீழ்ப்பக்கமாக வந்து சுட்டது. இடப்பக்கத்து எஞ்சின்கள் இரண்டும் போயின. இரண்டு கூண்டுகளுக்கும் நடுவே தீப் பிடித்தது. குதிக்கும்படி விமானி உத்தரவிட்டார். மைனார்ஸ்கி தன் கூண்டிலிருந்து இறங்கிக் கதவை நோக்கிப் போனவர் வால்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிரோஃபி சிக்கிக்கொண்டிருந்தார்.

ஏன் சிக்கினார் என்பதைக் கவனியுங்கள். வால் கூண்டிலிருந்து வெளியே வர வேண்டுமானால் முதலில் கூண்டைத் திருப்ப வேண்டும். திருப்புவது ஹைட்ராலிக் விசை. அந்த விசைக்கு எஞ்சின் ஓட வேண்டும். எஞ்சின்கள் நின்றதும் விசையும் நின்றது. கையால் சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி உண்டு. பிரோஃபி அவசரத்தில் முழு பலத்தோடு சுற்ற, அதுவும் ஒடிந்தது.

மைனார்ஸ்கி தீக்குள் நுழைந்து தவழ்ந்து போனார். தீயணைப்புக் கோடரியால் கூண்டை அடித்தார். அது அசையாததால் வெறுங்கையால் பிய்க்கப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே உடை எரிந்துகொண்டிருந்தது. பாராசூட்டிலும் தீ. இனி ஆகாது என்று தெரிந்ததும் பிரோஃபிதான் அவரைப் போகச் சொல்லிக் கையசைத்தார். மைனார்ஸ்கி முதுகைக் காட்டவில்லை. தீயின் ஊடே பின்புறமாகவே நகர்ந்து கதவருகே வந்து, எரியும் உடையோடு நிமிர்ந்து நின்று நண்பருக்கு சல்யூட் அடித்தார். உதடு அசைந்தது. தினமும் பிரியும்போது இருவரும் விளையாட்டாகச் சொல்லிக்கொள்ளும் இரவு வணக்கம்தான் அது என்று பிரோஃபி நம்பினார். பிறகு மைனார்ஸ்கி குதித்தார். கீழே பிரெஞ்சு மக்கள் அவரை உயிரோடுதான் கண்டெடுத்தார்கள். தீக்காயம் மிகக் கடுமையாக இருந்ததால் பிழைக்கவில்லை.

பிரோஃபி பிழைத்தார். விமானம் தரையில் மோதி ஒரு மரத்தில் இறக்கை இடித்தபோது வால் கூண்டு பிய்ந்து தெறித்தது. உள்ளே இருந்தவர் வெளியே தூக்கி எறியப்பட்டார். பிரெஞ்சுக்காரர்கள் அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். செப்டம்பரில் லண்டன் வந்து சேர்ந்த பிறகுதான் நண்பர் இறந்த செய்தி அவருக்குத் தெரிந்தது. அவர் சொன்ன சாட்சியத்தின் பேரில் 1946 அக்டோபரில் மைனார்ஸ்கிக்கு விக்டோரியா கிராஸ் விருது அறிவிக்கப்பட்டது. இன்று உலகில் பறக்கும் நிலையில் உள்ள லங்காஸ்டர்கள் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று கனடாவின் ஹாமில்டன் நகரில் மைனார்ஸ்கியின் விமான எழுத்துகளைத் தாங்கிப் பறக்கிறது.

பிரோஃபி இறந்திருந்தால் இதில் எதுவும் நமக்குத் தெரிந்திருக்காது. மைனார்ஸ்கியைப் போல பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைத் தலைமையின் கீழ் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573 பேர். பெரும்பாலோர் உங்களுக்கு ஓரிரு வயது முன்னே பின்னே. எத்தனை விமானங்களில் எத்தனை பேர் நண்பனுக்காகத் திரும்பித் தவழ்ந்தார்களோ! பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் வீட்டுக்கு ஒரு தந்தி மட்டும் போனது. கல்லறைகூட இல்லாத விமானப் படையினர் 20,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களை இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவிடத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் போட்ட குண்டு எங்கே விழுந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரம் எரிந்தபோது 35,000க்கும் மேற்பட்ட மக்கள் செத்தார்கள். ரயில் சந்திப்புகளைத் தாக்கியபோது, மைனார்ஸ்கியைத் தூக்கி எடுத்தார்களே அதே பிரெஞ்சு மக்களும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். மைனார்ஸ்கியின் நினைவுக்கு மரியாதை செய்ய இதை ஒளிக்க வேண்டியதில்லை. ஒளித்தால் அந்த மரியாதை பொய்யாகிவிடும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அதே காலத்தில் அந்தக் குண்டுவீச்சுப் படைத் தலைமையகத்தில் ஒரு சின்னப் பையன் மேசை வேலை பார்த்தான். 1943இல் வேலைக்குச் சேரும்போது அவனுக்கு வயது 19. புள்ளிவிவரம் பார்ப்பது அவன் வேலை. பின்னாளில் உலகம் அறிந்த இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன்தான் அந்தப் பையன். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களிலிருந்து எத்தனை பேர் உயிரோடு குதித்துத் தப்பினார்கள் என்ற கணக்கு அவருடைய பிரிவில் இருந்தது. பகலில் பறந்த அமெரிக்க விமானங்களில் பாதிப் பேர் தப்பினார்கள். ஹாலிபாக்ஸ் போன்ற பழைய பிரிட்டிஷ் விமானங்களில் நூற்றுக்கு 25 பேர். லங்காஸ்டரில் 15 பேர். பகல் வெளிச்சம் அமெரிக்கர்களுக்குக் கைகொடுத்தது என்று வாதாடலாம். ஆனால் ஹாலிபாக்ஸும் இரவில்தானே பறந்தது?

ஹாலிபாக்ஸில் தப்பிக்கும் திறப்பின் அகலம் 24 அங்குலம். லங்காஸ்டரில் 22. தடித்த பறக்கும் உடை, பூட்ஸ், மார்பில் பாராசூட் மூட்டை, கும்மிருட்டு, தலைகீழாகச் சுழலும் விமானம், கையில் இருப்பது சில விநாடிகள். அந்த நிலையில் இரண்டு அங்குலம் என்பது சின்ன அளவு அல்ல. டைசனின் சகா ஒருவர், மைக் ஓலாஃப்லின் என்று பெயர், அந்தத் திறப்பைப் பெரிதாக்கச் சொல்லி விடாமல் போராடினார். கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போனது. அகலமான திறப்பு ஒருவழியாக வந்து சேர்ந்தபோது போரே முடியும் தறுவாயில் இருந்தது. இதையெல்லாம் டைசன் முதுமையில் தீராத வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

மைனார்ஸ்கி குதித்தது பின்பக்கக் கதவு வழியாக. பிரோஃபியைப் பிடித்து வைத்தது கூண்டின் அமைப்பு. ஆகவே அந்த இரண்டு அங்குலம் அவரைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். எஞ்சின் நின்றால் உள்ளே இருப்பவன் எப்படி வெளியே வருவான், கைப்பிடி ஒடிந்தால் அடுத்து என்ன என்ற கேள்விகளை வரைபலகையின் முன் உட்கார்ந்திருந்தவர்கள் கடைசி வரை கேட்டு முடிக்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதிலாக ஒரு தோல் வெட்டும் தொழிலாளி தன் உடம்பைக் கொடுத்தார். நாம் அதற்குப் பதக்கம் கொடுத்தோம். பதக்கம் கொடுத்தது சரி. அதோடு நின்றுவிட்டதுதான் தவறு.

நம்மைச் சுற்றியும் பாருங்கள். சாக்கடைக் குழியில் விஷவாயு தாக்கி விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்குகிறார், அவரும் திரும்பி வருவதில்லை. பட்டாசு ஆலையில் தீப் பிடித்தால் வெளியே ஓடி வந்தவர் சக தொழிலாளியைத் தேடி மறுபடி உள்ளே ஓடுகிறார். அவர்களின் வீரத்தைப் பாராட்டி இரங்கல் அறிக்கை வருகிறது, நிவாரணத் தொகை அறிவிக்கிறார்கள். குழிக்குள் மனிதர் இறங்க வேண்டி வந்தது ஏன், ஆலைக்கு இரண்டாவது வாசல் இல்லாதது ஏன் என்ற கேள்வி கோப்பிலேயே தூங்குகிறது. அந்தக் கோப்பு இனி உங்கள் மேசைக்குத்தான் வரப்போகிறது.

மைனார்ஸ்கியின் கல்லறை பிரான்சில் மெஹாரிகூர் என்ற சிற்றூரில் இருக்கிறது. அதைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்தான் சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறையையும் பராமரிக்கிறது. முடிந்தவர்கள் ஒருநாள் போய்ப் பாருங்கள். கற்களில் உள்ள பெயரோடு வயதையும் படியுங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு, ஒரு சகா வந்து வழி குறுகலாக இருக்கிறது என்று சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். அவர் மனுவில் உங்கள் கையெழுத்தையும் போடுங்கள். நீங்கள் வரைந்த வழியில் ஒருமுறை, முழு உடையோடு, விளக்கை அணைத்துவிட்டு நீங்களே நுழைந்து பாருங்கள்.